வரி கட்டுறவங்களுக்கு மட்டும்தான் ஓட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரியில் பட்ஜெட் வரும்போதும், தேர்தல் நேரத்தில் இலவச அறிவிப்புகள் வரும்போதும் இந்தப் பேச்சு தவறாமல் கிளம்பும்: "வரி கட்டுறவன் ஒருத்தன், ஓட்டுப் போட்டு முடிவு பண்றவன் இன்னொருத்தன்." அலுவலகத்திலும் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். வாக்குரிமையை வரியோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது எங்கள் உறுதியான நிலை. அதற்கான காரணங்களைச் சட்டத்தையும் கணக்கையும் வைத்துச் சொல்கிறோம்.

1. இப்போ இருக்கிற சட்டப்படி ஓட்டுப் போட வரி கட்டியிருக்கணுமா?

வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆம் பிரிவு கேட்பது இரண்டுதான்: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலில் 21 என்று இருந்த வயதை 61-ஆவது திருத்தம் 1989-இல் 18 ஆக்கியது. ஒருவரை விலக்கி வைக்கக்கூடிய காரணங்களையும் அதே பிரிவு எண்ணிச் சொல்லிவிடுகிறது: அந்தத் தொகுதியில் குடியிராமை, மனநலமின்மை, குற்றம், தேர்தல் முறைகேடு. வரிக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்தால் போதும். வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று. வருமான வரி ரிட்டர்னை யாரும் கேட்பதில்லை. வீடே இல்லாதவருக்கும் வழி உண்டு. அவர் படிவத்தில் குறிப்பிட்ட பாலத்தடிக்கோ கோயில் மண்டபத்துக்கோ வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒரு முறைக்கு மேல் போய், அவர் அங்கேதான் படுத்துத் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். பார்த்துவிட்டால் முகவரிச் சான்று தேவையில்லை. இந்த நாட்டின் நடைமுறைகளில் நாங்கள் மிகவும் மதிப்பது இதைத்தான்.

2. ஊர்ல சொந்த வீடு இருக்கு, வீட்டு வரி என் பேர்லதான் கட்டுறேன். ஆனா குடியிருக்கிறது சென்னையில. வரி கட்டுற ஊர்லதானே ஓட்டு இருக்கணும்?

இல்லை, குடியிருக்கும் இடத்தில்தான். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். வீட்டு வரி ரசீது உங்கள் சொத்துக்குச் சான்று, வாக்குக்குச் சான்று ஆகாது. வேலை விஷயமாகச் சில மாதம் வெளியூர் போய்வந்தால் பெயர் போய்விடாது. நிரந்தரமாக மாறிவிட்டால் படிவம் 8 கொடுத்துப் பெயரைப் புதிய இடத்தின் வாக்காளர் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்வது தவறு. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

3. நாட்டுல ஏழெட்டுக் கோடிப் பேர்தானே வரி கட்டுறாங்க? மிச்ச 90 கோடிப் பேரு சும்மாதானே?

இந்தக் கேள்வியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. 2024 ஜூலை 31 வரை தாக்கலான வருமான வரி ரிட்டர்ன்கள் 7.28 கோடி. அந்த ஆண்டு வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 97 கோடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எல்லோரும் கோபப்படுகிறார்கள். ஆனால் அந்த 7.28 கோடி, ரிட்டர்ன் போட்டவர்களின் எண்ணிக்கை. ரிட்டர்ன் போடுபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான்.

வருமான வரி என்பது வரிகளில் ஒன்று, அவ்வளவுதான். 2023-24-இல் ஜிஎஸ்டி மொத்த வசூல் மட்டும் 20.18 லட்சம் கோடி ரூபாய். அது கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் போனது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் 349 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்கிறார் என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி அதற்குள்ளேயே அடக்கம். 349-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 53 ரூபாய் 24 காசு. 28 நாளுக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 13 முறை, ஏறக்குறைய 692 ரூபாய். இது போனுக்கு மட்டும்.

பெட்ரோல் கணக்கு இன்னும் பெரியது. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் லிட்டருக்கு மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 காசு ஆனது. பழைய ஸ்கூட்டரில் மாதம் 20 லிட்டர் போட்டு ஓடும் டெலிவரி இளைஞர் அந்த விகிதத்தில் மத்திய அரசுக்கு மட்டும் மாதம் 438 ரூபாய், ஆண்டுக்கு 5,256 ரூபாய் கொடுக்கிறார். மாநில வாட் வரி அதற்கு மேல். பான் கார்டு இல்லாத எத்தனையோ கூலித் தொழிலாளிகளின் பணமும் சேர்ந்துதான் 2023-24-இல் டாஸ்மாக் வழியாக மாநில அரசுக்கு 45,000 கோடிக்கு மேல் வந்தது. இவர்களில் யாரைச் 'சும்மா இருப்பவர்' என்பது?

4. சரி, அதெல்லாம் மறைமுக வரி. நேரடி வரியை மட்டும் கணக்குல எடுத்தா என்ன?

எடுத்துப் பார்ப்போம். 2025 பட்ஜெட்டில், புதிய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 1 கோடிப் பேர் இனி வருமான வரி கட்ட வேண்டியிராது என்று நிதியமைச்சர் சொன்னார். ஓட்டு வரியோடு கட்டப்பட்டிருந்தால், அன்றைக்கு இனிப்பு வாங்கிக் கொண்டாடிய அந்த 1 கோடிப் பேருக்கும் அதே அறிவிப்பால் ஓட்டும் போயிருக்கும். வரிச் சலுகை கேட்கவே எல்லோரும் பயப்படுவோம்.

நாங்கள் இதில் காணும் பெரிய ஆபத்து வேறு. வரி வரம்பை மாற்றுவது நிதி மசோதா. அது பண மசோதா என்பதால் மாநிலங்களவை பரிந்துரைதான் செய்யலாம், தடுக்க முடியாது. மக்களவையில் பெரும்பான்மை உள்ள கட்சி ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாருக்கு வரி, யாருக்கு விலக்கு என்று மாற்றலாம். ஓட்டும் அதோடு சேர்ந்து போனால், யார் தனக்கு ஓட்டுப் போடலாம் என்பதை ஆட்சியில் இருப்பவரே ஆண்டுதோறும் தீர்மானிப்பார். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் நூறு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவருக்கும் ஓட்டு இல்லை, அவர் வயலில் நாற்று நடுபவருக்கும் ஓட்டு இல்லை.

5. இந்த மாதிரி நம்ம நாட்டுல எப்பவாவது இருந்திருக்கா?

1950-க்கு முன்னால் இருந்தது இதுதான். 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி இவற்றில் ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்ட அளவு கட்டியவர்களுக்கும், வேறு சில தனித் தகுதிகள் உள்ளவர்களுக்குமே ஓட்டு. 1920-இல் சென்னை மாகாணத்தில் நடந்த முதல் தேர்தலில், 4 கோடிக்கு மேல் மக்கள் இருந்த மாகாணத்தில், வாக்காளர் சுமார் 12 லட்சம் பேர். நூற்றுக்கு மூன்று பேர் என்று வையுங்கள். 1921-இல் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கும் ஓட்டுக் கொடுத்தது. ஆனால் ஆண்களுக்கு வைத்த அதே வரித் தகுதிதான் பெண்களுக்கும். பட்டாவும் வரி ரசீதும் கணவர் பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்த காலத்தில் எத்தனை பெண்கள் அந்தப் பட்டியலில் ஏறியிருப்பார்கள்?

1935 சட்டம் வரம்பைத் தளர்த்தியது. தகுதி உள்ளவரின் மனைவி, படிக்கத் தெரிந்தவர் என்றெல்லாம் சேர்த்தும் பிரிட்டிஷ் இந்தியாவில் ஏழு பேரில் ஒருவருக்குத்தான் ஓட்டுக் கிடைத்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று 1928-இல் மோதிலால் நேரு அறிக்கை கேட்டது. அதே ஆண்டு சைமன் குழுவிடம் அம்பேத்கரும் அதையே கேட்டார். நிலம் வாங்கவும் தொழில் செய்யவும் சாதி தடையாக இருக்கும் நாட்டில் சொத்தையும் வரியையும் தகுதியாக வைத்தால் அந்தத் தடையே தேர்தல் விதியாகிவிடும்.

பிறகு 1951-52 பொதுத்தேர்தலில் 17.3 கோடிப் பேர் ஒரே பட்டியலில் வந்தார்கள். அன்றைய எழுத்தறிவு 18 சதவீதம். அந்தத் தேர்தலிலும் ஒரு இழப்பு நேர்ந்தது. தன் பெயரைச் சொல்லாமல் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. ஒரு பெயர் சொல்லாததற்கே இத்தனை பேர் விடுபட்டார்கள் என்றால், வரி ரசீது கேட்டால் எத்தனை பேர் விடுபடுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

6. உத்திரமேரூர்ல சோழர் காலத்துலயே நிலவரி கட்டுறவங்கதானே தேர்தல்ல நின்னாங்க? நம்ம பாரம்பரியமே அதுதானே?

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், சுமார் கி.பி. 920, குடவோலை முறையின் விதிகளைச் சொல்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். இவை யாருடைய பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம் என்பதற்கான தகுதிகள். அதாவது இன்றைய வேட்பாளர் தகுதி போல. அதுவும் ஒரு பிராமண ஊரின் சபைக்கு. நாட்டு மக்கள் எல்லோருடைய வாக்குரிமை அங்கே பேச்சிலேயே இல்லை.

அதே கல்வெட்டில் இருக்கும் இன்னொரு விதியைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து: வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. வரிப் பணத்தைக் கையாண்டவரிடம் அப்போதே கணக்குக் கேட்டிருக்கிறார்கள்.

7. 'பிரதிநிதித்துவம் இல்லாம வரி இல்லை'ன்னு அமெரிக்காக்காரங்க போராடினாங்களே. அப்போ வரி இல்லாம பிரதிநிதித்துவமும் இல்லைன்னு ஆகும்ல?

ஆகாது. 'மழை பெய்தால் தரை நனையும்' என்பதிலிருந்து 'தரை நனைந்திருந்தால் மழைதான்' என்று வராது. அந்த முழக்கம் வரி வாங்கும் அரசைப் பார்த்துச் சொன்னது: என்னிடம் வரி எடுக்கிறாய் என்றால் என்னையும் கேட்க வேண்டும்.

அந்த நியாயத்தை நேராக நடத்தினால் எல்லோருக்கும் ஓட்டு என்பதில்தான் போய் முடியும். உப்பு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சிக்கு உப்புப் போடும் எல்லோரும் கட்டிய வரி அது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் எதிர்த்தது அந்த வரியைத்தான். இன்றைய ஜிஎஸ்டியின் நிலையும் அதுவே. 3-ஆம் பதிலில் அந்தக் கணக்கு இருக்கிறது.

8. எல்லாருக்கும் ஓட்டு இருக்கட்டும். அதிகமா வரி கட்டுறவங்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தா?

ஜெர்மனியின் பிரஷ்யாவில் 1849 முதல் 1918 வரை இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியின் மொத்த நேரடி வரியை மூன்று சமபங்காகப் பிரிப்பார்கள். அதிகம் கட்டுபவரிலிருந்து தொடங்கி, முதல் பங்கு நிரம்பும் வரை வருபவர்கள் முதல் வகுப்பு, அடுத்த பங்குக்கு உரியவர்கள் இரண்டாம் வகுப்பு, மிச்சமுள்ள அத்தனை பேரும் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பும், உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களைச் சம எண்ணிக்கையில் அனுப்பும். தொடக்கத்திலேயே முதல் வகுப்பில் இருந்தது 5 சதவீதத்துக்கும் குறைவான வாக்காளர், மூன்றாம் வகுப்பில் 80 சதவீதத்துக்கும் மேல். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே எடை.

எஸ்ஸன் நகரில் இது எங்கே போய் நின்றது தெரியுமா? எஃகு ஆலை முதலாளி க்ருப் கட்டிய வரியே முதல் பங்கை நிரப்பிவிட்டதால், நகர மன்றத்தின் மூன்றில் ஒரு பங்கை அவர் ஒருவரே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. பிரஷ்யாவில் ஓட்டை வாய்விட்டு, எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். முதலாளி ஒரு வகுப்பில், அவரிடம் கூலி வாங்குபவர்கள் இன்னொரு வகுப்பில், சொல்வது அவர் காதிலும் விழும். வேலையை நினைத்துக்கொண்டுதான் வாய் திறக்க முடியும்.

9. பெரிய தொகை வேண்டாம். பேருக்கு ஒரு சின்ன வரி, ஆளுக்கு 100 ரூபாய். கட்டினா ஓட்டு. அது நியாயம்தானே?

இந்த வாதத்தை இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-லேயே வைத்தார். வரி கட்டாதவர் அடுத்தவர் பணத்தைச் செலவழிக்க ஓட்டுப் போடக் கூடாது, அதனால் ஏழைக்கும் தலைக்கு ஒரு சிறு நேரடி வரி போட்டுவிட்டால் யாரும் விடுபட மாட்டார்கள் என்றார். எதிர்த்தரப்பின் வாதங்களில் நேர்மையானது இது. ஏழையை விரட்டுவது அவர் நோக்கம் இல்லை. செலவின் வலி எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் நினைத்தார்.

நடைமுறையில் அது விரட்டும் கருவியாகத்தான் ஆனது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த தலைவரியில் தொகை உண்மையிலேயே சின்னது. வர்ஜீனியாவில் ஒன்றரை டாலர். ஆனால் முந்தைய மூன்று ஆண்டு பாக்கியையும் சேர்த்து, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே, வேட்பாளர் யாரென்றே தெரியாத நேரத்தில் கட்டியிருக்க வேண்டும். கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையர்களும் கூட்டம் கூட்டமாக விடுபட்டார்கள். 1964-இல் அமெரிக்க அரசமைப்பின் 24-ஆவது திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் இதைத் தடை செய்தது. 1966-இல் ஹார்ப்பர் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் நீக்கியது.

பிரிட்டனில் 1990-ஐ ஒட்டி ஓட்டையும் வரியையும் யாரும் சட்டப்படி இணைக்கவில்லை. தாட்சர் அரசு தலைக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி வரி போட்டது. வாக்காளர் பட்டியலைப் பார்த்து வரிக்கு ஆள் பிடிப்பார்கள் என்று பயந்தே பலர் பட்டியலில் பெயர் கொடுக்காமல் விட்டார்கள். வரியும் ஓட்டும் பக்கத்தில் வந்தாலே போதும், காசில்லாதவர் முதலில் கைவிடுவது ஓட்டைத்தான்.

10. இலவசத்தை வாங்கிக்கிட்டு ஓட்டுப் போடுறாங்களே. என் வரிப் பணம்தானே போகுது?

இந்த வருத்தத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. கடன் வாங்கி இலவசம் கொடுத்தால் அது எல்லோர் தலையிலும்தான் விடியும். ஆனால் அதற்கு மருந்து செலவுக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு இலவசங்கள் பற்றிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கை வாக்குறுதி முறைகேட்டுக் குற்றம் ஆகாது என்றது. அதே தீர்ப்பில், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. எந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கட்சிகளை எழுதிக் காட்டச் சொல்வது அந்த வழி.

அரசிடம் பெறுபவர்கள் ஏழைகள் மட்டும்தான் என்ற எண்ணமும் சரியில்லை. பழைய வருமான வரி முறையில் வீட்டுக்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு, தொழில் நிறுவனங்களுக்கு முதலீட்டுச் சலுகை இவையும் கஜானாவிலிருந்து விட்டுக்கொடுத்த பணம்தான். மிக்சியாகக் கையில் வந்தால் இலவசம் என்கிறோம், கழிவாகக் கணக்கில் வந்தால் உரிமை என்கிறோம்.

ஓட்டுக்குக் காசு கொடுப்பது வேறு. அது குற்றம், வாங்குவதும் குற்றம்தான். 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் பணப்பட்டுவாடா காரணமாக ரத்தானது. காசு கட்டியவர்களுக்கே ஓட்டு என்று வைத்தால் அந்தப் பட்டுவாடா இன்னும் சுலபமாகும். ஒரு கட்சிக்காரர் தெருவில் உள்ள எல்லோருக்கும் வரியைத் தானே கட்டிவிட்டு ரசீதைத் தன் பையில் வைத்துக்கொள்வார்.

11. எங்க அம்மா ஹவுஸ் ஒய்ஃப், அப்பாதான் வரி கட்டுறார். அம்மா ஓட்டு என்ன ஆகும்?

வருமான வரி தனி ஆளுக்கானது, அதனால் அம்மாவுக்குப் போய்விடும். குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் 5-ஆம் பதிலில் சொன்ன 'தகுதி உள்ளவரின் மனைவி' காலத்துக்குத் திரும்புவோம். இன்னும் சிக்கல்கள் உண்டு. இந்துக் கூட்டுக் குடும்பத்துக்குத் தனி பான் உண்டு, அது தனியாக வரி கட்டும். ஒரு வீட்டில் ஆறு பேர் இருக்க, ஓட்டு குடும்பத் தலைவரான கர்த்தாவுக்கு மட்டுமா? கல்லூரி மாணவர், ஓய்வூதியம் வரம்புக்குக் கீழே உள்ள பெரியவர், வேலை போய் ஓராண்டு வீட்டில் இருப்பவர், மகப்பேறுக்காக வேலையை விட்டவர் எல்லோருக்கும் அந்த ஆண்டு ஓட்டு இல்லை.

எதிர்த்திசையிலும் பாருங்கள். சினிமாவில் நடிக்கும் 12 வயதுக் குழந்தை தன் திறமையால் சம்பாதித்த பணத்துக்கு அந்தக் குழந்தையின் பெயரிலேயே வரி. அப்போது அதற்கு ஓட்டுக் கொடுப்பீர்களா?

12. எல்லாமே ஆன்லைன் ஆயிடுச்சு. பானையும் ஓட்டர் ஐடியையும் லிங்க் பண்ணிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்ல?

முடியாது. எங்கே முட்டும் என்று சொல்கிறோம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பெரும்பாலோருக்கு ரிட்டர்ன் கடைசி நாள் ஜூலை 31, தாமத ரிட்டர்ன் டிசம்பர் 31 வரை. வாக்காளர் பட்டியலுக்கோ ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். தேர்தல் மே மாதம் என்றால் எந்த ஆண்டின் வரியைப் பார்ப்பது? வங்கி வைப்பு வட்டியில் 10 சதவீதம் பிடித்துக்கொள்கிறது, ஓராண்டு கழித்து முழுவதும் ரீஃபண்டாக வருகிறது. இவர் வரி கட்டியவரா, கட்டாதவரா? வரித்துறை நோட்டீஸ் வந்து மேல்முறையீட்டில் வழக்கு மூன்று ஆண்டாக நிற்கிறது. அதுவரை ஓட்டு உண்டா?

இதையெல்லாம் தீர்மானிக்கப் போவது வருமான வரி அதிகாரி. அவர் மத்திய நிதியமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர். தேர்தல் ஆணையத்திடமிருந்து பட்டியல் அவர் மேசைக்குப் போய்விடும். தேர்தலுக்கு முந்தின மாதம் எதிர்க்கட்சி வலுவாக உள்ள வட்டாரத்தில் கொத்தாக நோட்டீஸ் போனால் என்ன செய்வது?

ரகசியமும் போகும். உங்கள் வரி விவரத்தை வரித்துறை வெளியிடக் கூடாது. வாக்காளர் பட்டியலோ யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பாகம் வாரியாக அச்சிட்டு வைப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால் 'இவருக்கு வருமானம் இல்லை' என்று தெருவுக்கே அறிவித்த மாதிரி. கடன் கொடுத்தவரிலிருந்து பெண் பார்க்க வருபவர் வரை அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

13. எங்க அபார்ட்மென்ட் சங்கத்துல பராமரிப்புப் பணம் கட்டாதவங்களுக்கு ஓட்டு இல்லைன்னு விதி. நாட்டுக்கும் அதேதானே?

சங்கம் நீங்கள் விரும்பிச் சேர்ந்தது. வீட்டை விற்றுவிட்டு வெளியேறலாம். சங்கம் உங்களைச் சிறையில் போடாது, உங்கள் நிலத்தைச் சாலைக்கு எடுத்துக்கொள்ளாது. அரசு இத்தனையும் செய்யும். வரி கட்டாத விவசாயக் கூலியின் குடிசை வழியாக நான்கு வழிச்சாலை போகிறது என்றால், பாதிப்பு அவருக்கு முழுமையானது. சட்டம் யார் மீது பாய்கிறதோ அவருக்குச் சட்டத்தில் குரல் வேண்டும் என்பதுதான் ஓட்டின் அடிப்படை.

14. வெளிநாட்டுல இருக்கிற எங்க அண்ணன் இந்தியாவுல வரி கட்டல, ஆனா ஓட்டு இருக்குன்றார். இங்க வேலை பார்க்கிற ஜப்பான்காரர் லட்சக்கணக்குல கட்டுறார், அவருக்கு இல்லை. இது என்ன நியாயம்?

ஓட்டு குடியுரிமையோடு கட்டப்பட்டது, ரசீதோடு கட்டப்படவில்லை. அண்ணன் வேறு நாட்டுக் குடியுரிமை எடுக்காதவராக இருந்தால், படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரித் தொகுதியில் பதியலாம். ஓட்டுப் போட ஊருக்கு நேரில் வர வேண்டும். ஓசிஐ அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர் இந்தியக் குடிமகன் இல்லாததால் அவருக்கு ஓட்டு இல்லை.

15. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள்ல உழைச்ச மலையகத் தமிழர்களுக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?

'நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுப்பவருக்கே ஓட்டு' என்ற நியாயம் உண்மையானால் இலங்கையில் முதல் ஓட்டு அவர்களுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். 1931-இல் டொனமூர் சீர்திருத்தம் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்தது, ஆனால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு போன்ற நிபந்தனைகளை வைத்தது. 1947 தேர்தலில் அவர்களின் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த ஓட்டைப் பறித்தன. 1952-இல் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு இடமும் இல்லை.

அந்தக் காலமெல்லாம் நாட்டின் முதன்மையான ஏற்றுமதி, அவர்கள் கொழுந்து பறித்துக் கூடையில் சுமந்த தேயிலைதான். ஏற்றுமதித் தீர்வையாக அரசுக்குப் போனது அவர்கள் உழைப்பு. ஆனால் ரசீது கம்பெனி பெயரில். 2003-இல் வந்த சட்டம்வரை குடியுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. வரியின் பாரத்தைச் சுமப்பவர் ஒருவர், ரசீதில் பெயர் உள்ளவர் இன்னொருவர் என்பதை எங்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைக்கவில்லை.

16. கோடிக்கணக்குல வரி ஏய்ப்புப் பண்றவனுக்குமா ஓட்டு? அவனையாவது நிறுத்தலாமே?

வரி ஏய்ப்பில் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர், 1951 சட்டத்தின் 62(5) பிரிவின்படி, அந்தக் காலத்தில் ஓட்டுப் போட முடியாது. எந்தக் குற்றமானாலும் இதே விதி. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை என்றால், விடுதலையாகி ஆறு ஆண்டு முடியும் வரை தேர்தலில் நிற்கவும் முடியாது.

வேட்பாளருக்குக் கூடுதல் கண்டிப்பு இருக்கலாம் என்பதை நாங்களும் ஏற்கிறோம். மக்களவை, சட்டமன்ற வேட்பாளர்கள் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் கடைசி ஐந்து ஆண்டு வருமான வரி விவரத்தையும் அரசுக்கான பாக்கியையும் எழுத வேண்டும். ஆனால் எழுதிக் காட்டுவது வேறு, ஆளையே தடுப்பது வேறு. அரியானா 2015-இல் மின்கட்டண பாக்கி, கூட்டுறவுக் கடன் பாக்கி, வீட்டில் கழிவறை இல்லாமை, படிப்புக் குறைவு ஆகியவற்றைப் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதற்குத் தடையாக்கியது. ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்தத் தீர்ப்பில் எங்களுக்கு உடன்பாடில்லை. கழிவறை கட்டக் காசில்லாத பெண்தான் கழிவறைத் திட்டத்தைப் பற்றிப் பஞ்சாயத்தில் பேச வேண்டியவர்.

17. நாடாளுமன்றம் நினைச்சா நாளைக்கே இப்படி ஒரு சட்டம் போட முடியுமா?

சாதாரணச் சட்டத்தால் முடியாது. 1-ஆம் பதிலில் சொன்ன நான்கு காரணங்களைத் தாண்டி ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க அரசமைப்பின் 326-ஐயே திருத்த வேண்டும். திருத்தினாலும், 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பின்படி அடிப்படைக் கட்டமைப்பைக் கெடுக்கும் திருத்தம் செல்லாது, ஜனநாயகம் அந்தக் கட்டமைப்பில் ஒன்று. பத்தில் ஒன்பது பேரை வெளியே நிறுத்தும் திருத்தம் அந்தச் சோதனையில் நிற்காது என்பது எங்கள் கணிப்பு.

18. அப்போ மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக் கொடுக்கிற என்னை மாதிரி ஆளு என்னதான் செய்யுறது?

பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். அதற்கான வாசல்கள் திறந்தே இருக்கின்றன. கிராமத்தில் இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. அங்கே வரவு செலவு வைக்கப்பட வேண்டும். கணக்கைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

எங்கே இருந்தாலும் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதன் பிறகும் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். "ஏன் சாலை மோசமாக இருக்கிறது?" என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அது ஆவணம் இல்லை. இப்படிக் கேளுங்கள்: "எங்கள் தெருவில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் போட்ட சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும்." அளவுப் புத்தகத்தின் நகல் கைக்கு வந்ததும், அதில் எழுதியிருக்கும் நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்துத் தெருவில் அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டில் வருமான வரியே கட்டாத ஒருவர் இருந்தால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவரையும் கூப்பிடுங்கள். அந்தச் சாலையில் அவர் பணமும் இருக்கிறது.